ஏழாம் எண் ஏறிவிட்டது

அத்தியாயம் பதினொன்று

படகில் ஏறி இன்றோடு நான்கு நாள். கரை கண்ணில் பட்டு மூன்று நாளாகிறது.

கூடவே வருபவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்று வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அண்ணனும் அண்ணியும் எடுத்திருக்கும் முதல் நீண்ட விடுமுறை இது. நடுக்கடலில் ஒரு மரப் படகு, தினமும் மூன்று முறை கடலுக்கடியில் முங்கல், ஏழு நாள். அண்ணி பல் மருத்துவர். அண்ணன், மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் பெரிய கிடங்கொன்றின் கண்காணிப்பு அறைத் தலைவர். கூட ஒட்டிக்கொண்டு வந்தவள் அண்ணனின் தங்கை சுண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள்.

"இந்த ஏழு நாள் மட்டும் என்கூட இருங்க" என்று ஏறும்போது அண்ணி கேட்டாள். "சத்தியமா" என்று அண்ணன் சொன்னான்.

சத்தியம் முதல் நாளே ஓட்டையாகிவிட்டது. மாலை மூன்றரை மணிக்குக் கேப்டன் செயற்கைக்கோள் இணைப்பைத் திறந்துவிடுவார். ஆறு மணிக்கு மூடிவிடுவார். அந்த இரண்டரை மணி நேரம் அண்ணனுக்கு உயிர். கணினித் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தால் போதும், கிடங்கின் அலாரம் எல்லாம் அவனிடமே வரும். "பார்த்துட்டேன்" என்று அவன் பதில் போட்டால் அங்கே மணி நிற்கும். மற்ற நேரத்தை உதவியாளரிடம் விட்டவனுக்கு இந்த இரண்டரை மணி நேரத்தை விட மனம் வரவில்லை. தினமும் மூன்றாவது முங்கலில் எல்லோருக்கும் முன்னால் மேலே வந்து, ஈர உடையோடு அறைக்கு ஓடினான். அண்ணிக்குத் தெரியாமல்.

தெரியாமல் பார்த்துக்கொண்டது சுண்டு.

படகின் பின்பக்கத்தில், தண்ணீரில் இறங்கும் இடத்தருகே ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு டோக்கன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். சிவப்பு தெரிந்தால் ஆள் தண்ணீரில். நீலம் தெரிந்தால் படகில். அவரவர் டோக்கனை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும். முங்கலுக்கு அழைத்துப்போகும் மாஸ்டர் முதல் நாள் மூன்று தடவை சொன்ன ஒரே சட்டம் அதுதான்.

"நான் ஓடற ஓட்டத்துல அதைத் திருப்ப நின்னா உங்க அண்ணி பிடிச்சிடுவா. நீ திருப்பிடு" என்றான் அண்ணன்.

மூன்று நாளாக ஏழாம் எண்ணைத் திருப்பியது சுண்டுவின் கைதான்.

* * *

இன்று மதியம் தண்ணீரில் இறங்கும்முன் அண்ணன் வினோதமாக இருந்தான். அவசரமில்லாமல் இருந்தான்.

"என்ன, இன்னிக்கு நிதானமா கால்ல துடுப்பு மாட்டுற? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள் சுண்டு.

"வாயைக் கழுவு. ராத்திரி உக்காந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். இன்னிக்கு ஓட்டமே கிடையாது."

"என்ன ஏற்பாடு?"

"உங்க அண்ணிகிட்ட முதல்ல சொல்றேன். அப்புறம் உனக்கு."

"ஓஹோ. பொண்டாட்டிதாசன்."

அவன் சிரித்தான். கண்ணாடியைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வந்திருந்ததால் அவன் முகம் சின்னப் பையன் முகம்போல வெறுமையாக இருந்தது. கடலுக்கடியில் போடும் பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாஸ்டரின் குழுவோடு குதித்தான். சுண்டு இன்னொரு குழு. அண்ணிக்குக் காதுவலி. மேல்தளத்துச் சாய்நாற்காலியில் துண்டைப் போர்த்திப் படுத்துவிட்டாள்.

மூன்று நாற்பதுக்குச் சுண்டு ஏணி ஏறினாள். தலையைத் துவட்டிக்கொண்டே போனைப் பார்த்தாள். இணைப்பு வந்துவிட்டிருந்தது. வீட்டுக் குழுவில் இரண்டு வரி.

அண்ணி: மேல வந்துட்டீங்களா? காது இன்னும் வலிக்குது.

அண்ணன்: வந்துட்டேன்மா. பத்து நிமிஷம்.

'ஓட்டமே கிடையாதுன்னானே, புளுகன்' என்று நினைத்துக்கொண்டு, தன் எட்டாம் எண்ணோடு சேர்த்து ஏழையும் நீலத்துக்குத் திருப்பினாள். ஈரக் கையில் டோக்கன் ஒரு நொடி ஒட்டிக்கொண்டு பிறகு விட்டது.

பத்து நிமிடம் கழித்து மாஸ்டர் தன் குழுவோடு வந்தார். ஆட்களை எண்ணினார், பலகையை எண்ணினார்.

"டவர் ஏறிட்டாரா?" சிக்னல் தேடி அலைவதால் படகில் அண்ணனுக்கு அந்தப் பெயர்.

"நெட் வந்துடுச்சே மாஸ்டர். அதுக்கப்புறம் அவன் எங்க தண்ணிக்குள்ள இருப்பான்?"

"தினமும் கை காட்டிட்டுப் போவாரு. இன்னிக்கு அதுகூட இல்ல. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்" என்று சிரித்தபடி மாஸ்டர் பலகையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

பதினாறும் நீலம்.

நாலேகாலுக்கு நங்கூரம் ஏறியது. அடுத்த நாள் முங்க வேண்டிய பவளத் திட்டை நோக்கிப் படகு நகர்ந்தது.

* * *

மேல்தளத்தில் கடல் சத்தமேயில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றியதுபோன்ற தண்ணீர். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு அமைதியாக இருப்பது நல்லதற்கில்லை என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்குக் காதுவலி, எல்லாமே அப்படித்தான் தோன்றும்.

கீழே அறைக்குப் போனால் டீசல் வாடையில் குமட்டும். அதனால் போனில் எழுதியே கேட்டாள்.

"காதுல விடற மருந்தை எந்தப் பையில வெச்சீங்க?"

"திங்கட்கிழமை பார்த்துக்கலாம்மா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு வரேன்."

புதிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் கேள்விக்கும் அவன் பதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்துகொண்டுதான் இருந்தது. சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு இந்நேரம் கீழே உட்கார்ந்து அலாரங்களோடு குடும்பம் நடத்துகிறான். கரைக்குப் போனதும் இதற்கொரு முடிவு கட்ட வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வலி தாடைவரை இறங்கியது. பொறுக்க முடியாமல் எழுதினாள்: "ரொம்ப முடியலைங்க."

உடனே பதில் வந்தது.

"காய்ச்சல் குறைஞ்சுதா? நெத்தியில ஈரத்துணி போட்டுக்க. கண்ணை மூடிக்கிட்டு என்னை நல்லாத் திட்டு, சரியாயிடும்."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள்.

இது அவளுக்குத் தெரிந்த வரி. கல்யாணமான முதல் வருடம், அவன் வெளியூரில் இருந்தபோது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவளுக்கு அவன் அனுப்பியது. அன்று அதைப் படித்துச் சிரித்தே அவளுக்குப் பாதிக் காய்ச்சல் விட்டது. இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறான். கோபமெல்லாம் கரைந்து, கீழே போய் அவன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போல இருந்தது.

போனில் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் அந்த நாளைத் தேடியெடுத்தாள்.

அதே வரி. அதே மூன்று வாக்கியம். ஒரு புள்ளி மாறவில்லை.

எந்த மனிதனும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியதைப் புள்ளி மாறாமல் ஞாபகம் வைத்திருக்க மாட்டான். அதுவும் இவன்! கல்யாண நாளையே போனில் மணி வைத்து ஞாபகப்படுத்திக்கொள்பவன்.

அவள் துண்டை உதறிவிட்டுக் கீழே இறங்கினாள்.

* * *

அறைக் கதவு உப்புக் காற்றில் உப்பியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தாள்.

யாருமில்லை.

அவனுடைய துண்டு மடித்தபடி கட்டிலில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அதன்மேல் அவன் கண்ணாடி. அது இல்லாமல் அவனால் படியிறங்க முடியாது. குளியலறைத் தரையிலும் ஈரமில்லை. காலையில் அவள் விட்டுப்போன சோப்பு நுரைகூட அப்படியே உலர்ந்துபோயிருந்தது.

சின்ன மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் அவளுக்கு வந்த பதில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இன்னொரு சட்டத்தில் அலுவலகச் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வந்தது. யாரும் தொடாமலே அதன் கீழே எழுத்துகள் தோன்றின. பார்த்துட்டேன்.

அண்ணி கையிலிருந்த போனில் மெதுவாகத் தட்டினாள். "நான் உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

திரையில் மூன்று புள்ளிகள் துடித்தன. யோசிப்பதுபோல. பெருமூச்சு விடுவதுபோல.

"சரிம்மா. வந்ததும் பேசலாம். நீ சாப்பிடு."

கணினியை மூடினாள். ஒரு ஆளின் கண்ணை மூடிவிடுவதுபோல, மெதுவாக.

சாப்பாட்டறையில் சுண்டு யாரோ இரண்டு பேரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சுண்டு, உங்கண்ணன் தண்ணியிலேர்ந்து ஏறினதைப் பார்த்தியா?"

"ஏறிட்டான் அண்ணி. கீழதான் இருப்பான்."

"கீழ இல்ல. நீ பார்த்தியா?"

"டோக்கன் திரும்பி இருக்கே..."

"டோக்கனைக் கேக்கல. கண்ணால பார்த்தியா?"

சுண்டுவின் கையிலிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன.

"நான்தான் திருப்பினேன்" என்றாள். "குரூப்ல வந்துட்டேன்னு போட்டிருந்தான் அண்ணி. தினமும் நான்தான் திருப்புவேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு..."

அண்ணி அவளை அடிப்பாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேப்டனின் அறைக்கு ஓடினாள்.

கேப்டன் ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்போ, எங்க பார்த்தது?" மாஸ்டர் சொன்னார். அவர் முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. கேப்டன் சக்கரத்தைத் திருப்பினார். படகு சாய்ந்து, வந்த வழியிலேயே மூக்கை வைத்தது.

"வந்தது அம்பது நிமிஷம். முழு வேகத்துல போனா நாப்பது. நீரோட்டம் தெற்கே இழுக்குது, அந்தப் பக்கம் தள்ளித் தேடணும். வெளிச்சம் இருக்கறது ஒரு மணி நேரம்."

சுண்டு விம்மினாள்.

"இந்தாம்மா," என்றார் கேப்டன் திரும்பாமலே, "இப்போ அழறதுக்கு ஆள் வேண்டாம். பார்க்கிறதுக்கு ஆள் வேணும். எல்லாரையும் மேல வரச் சொல்லு."

* * *

அண்ணன் தண்ணீரில் மல்லாந்து கிடந்தான்.

எல்லாம் ஒரு கணவாய் மீனால் வந்தது. நான்கு நாளில் முதல்முறையாக அவனுக்கு அவசரமில்லாமல் இருந்தது. மீன் அவன் கை நிறத்துக்கு மாறியது. பிறகு பாறை நிறம். பிறகு மணல் நிறம். கூப்பிடுவதுபோல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. திட்டின் விளிம்பைத் தாண்டியது தெரியவில்லை. தெரிந்தபோது நீரோட்டம் அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

மேலே வந்து பார்த்தபோது படகு தீப்பெட்டி அளவு. முங்கல் அங்கியின் பையிலிருந்த ஆரஞ்சு நிறக் குழலை ஊதி நிமிர்த்தினான். விசிலடித்தான். தீப்பெட்டி திரும்பியது. தன்னை நோக்கித்தான் என்று நினைத்தான். அது கடுகாகி, இல்லாமல் போனது.

தேடுவார்கள் என்று முதலில் நினைத்தான். பிறகு ஞாபகம் வந்தது.

தேட மாட்டார்கள். ஏனென்றால் அவன் அங்கே இருக்கிறான்.

நேற்றிரவு தன் பன்னிரண்டு வருடச் செய்திகளையும் மடிக்கணினியில் இருந்த, தானே பதில் எழுதும் ஒரு நிரலுக்கு ஊட்டியது அவன்தான். அலாரம் வந்தால் பதில் போடு, யார் என்ன கேட்டாலும் நான் பேசுவதுபோலப் பேசு என்று சொல்லிக்கொடுத்தான். மூன்றரைக்கு இணைப்பு வந்ததும் அதுவே விழித்துக்கொள்ளும். இந்த மாலையை முழுதாக அண்ணிக்குக் கொடுக்க நினைத்தான். வேலையும் விடுபடாது, சத்தியமும் உடையாது. சோதித்துப் பார்த்தபோது அது அவனைவிட அவனாக இருந்தது. ரசித்துச் சிரித்தான்.

இப்போது அது பேசிக்கொண்டிருக்கும். அண்ணி கேட்பாள், அது சொல்லும். டீ குடிக்க வாங்க என்பாள், பத்து நிமிஷம் என்னும். ஆறு மணிக்கு இணைப்பு மூடினால் தூங்கிவிட்டான் என்று நினைப்பாள்; நேற்றும் முந்தாநாளும் அவன் இரவுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை, டீசல் வாடைக்குப் பயந்து அவள் படுப்பதும் மேல்தளத்தில்தான். எவ்வளவு நேரம் கழித்து ஒருவர் சந்தேகப்படுவார் என்று கணக்குப் போட்டான். எப்படிப் போட்டாலும் காலை வந்தது.

கடலில் அலையே இல்லை. தூரத்தில் ஒரு பறவைகூட இல்லை. காலுக்குக் கீழே இருந்த நீலம் மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. ஏதோ ஒன்று அவன் துடுப்பை உரசிவிட்டுப் போனது. மீண்டும் உரசியது, இம்முறை நிதானமாக. அவன் கால்களை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டு, பொண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். விசில் போனது, குரல் போனது, பிறகும் உதடு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

* * *

கேப்டன் கடலை வெட்டித் துண்டு போட்டுக் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு துண்டு. "உங்க துண்டைத் தவிர வேற எங்கயும் பார்க்காதீங்க. பக்கத்துத் துண்டைப் பக்கத்து ஆள் பார்ப்பாங்க."

இருபது பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் தண்ணீரைத் தொட்டது. சுண்டு இமைக்காமல் பார்த்துப் பார்த்து, அவள் துண்டிலிருந்த ஒவ்வொரு நிழலும் அண்ணன் தலையாகி மறுபடி தண்ணீரானது. அவள் பள்ளிக் குளத்தில் பிள்ளைகளைத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ஒருநாள்கூட எண் தப்பியதில்லை.

"என் துண்டுல! அதோ, என் துண்டுல!"

கத்தியது சமையல்காரர். கையில் கரண்டியோடு நின்றிருந்தார்.

விரல் நீளத்துக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு. அதன் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி.

தூக்கி ஏற்றியபோது அவனால் நிற்க முடியவில்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அண்ணி அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்தாள். நோயாளிகளைப் பிடிப்பதுபோல.

"வாயைத் திறங்க. நாக்கைக் கடிச்சுக்காதீங்க. மூச்சு விடுங்க. என்னைப் பாருங்க."

அவன் பார்த்தான். ஏதோ சொன்னான். காற்றுதான் வந்தது.

"பேச வேண்டாம்" என்றாள். "நீங்க பேசினா நான் நம்ப மாட்டேன். சும்மா பார்த்துக்கிட்டே இருங்க."

சுண்டு அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, நான்தான்... என்னை நாலு அறை அறைஞ்சுடு அண்ணா."

அவன் தலையை இல்லையென்று ஆட்டி, குளிர்ந்த காலால் அவள் தோளை மெல்ல உதைத்தான். அப்போதுதான் அண்ணிக்கு அழுகை வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

மணி ஆறரை இருக்கும். கேப்டன் தன் அறையிலிருந்து பெரிய செயற்கைக்கோள் போனோடு வந்தார். சங்கடமாக நின்றார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து. இப்ப பேச முடியாதுன்னேன். அவசரமாம்."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார்? நான்தான் சார். ஷிப்ட் மாத்தறோம், பதிவேட்டுல ஒரு கட்டம் காலியா நிக்குது. அதை எழுதினாத்தான் நான் கிளம்ப முடியும்."

உதவியாளரின் குரல் இளசாக, சாதாரணமாக இருந்தது. பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"நாலாம் குளிர் அறைக்கு யாரை சார் அனுப்பினீங்க? போய்ப் பார்த்தவங்க பேர் வேணும்."

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, நான் அவர் வீட்டுக்காரம்மா" என்றாள் அண்ணி. "எதுக்குப் போய்ப் பார்க்கணும்?"

"அலாரம் மேடம். இன்னிக்கு அந்தக் கட்டடத்துல ஆளே கிடையாது, லீவு. நானும் சூடு ஏறிடுச்சோன்னுதான் நெனச்சேன். இப்ப லிஸ்ட் எடுத்துப் பார்த்தா அது சூட்டு அலாரம் இல்ல, பொத்தான். கதவு பூட்டி யாராவது உள்ள மாட்டிக்கிட்டா உள்ளயிருந்து அழுத்தறது. சார் உடனே பார்த்துட்டேன்னு போட்டுட்டார், மணியும் நின்னுடுச்சு. அதான் சார் யாரையோ அனுப்பியிருக்கார்னு..."

அண்ணனின் பல் அடிப்பது நின்றது.

"தம்பி," என்றாள் அண்ணி, "யாரும் போகல. யாரும் பார்க்கல. ஓடுங்க. இப்பவே ஓடிப்போய்த் திறங்க!"

அந்தப் பக்கம் நாற்காலி கவிழ்ந்தது. கதவு அடித்தது. ஓடும் காலடிகள் நீண்ட தாழ்வாரத்தில் எதிரொலித்தன. அண்ணன் கையை நீட்டிப் போனைப் பிடுங்கினான். உதடுகளை அதன்மேல் ஒட்டிவைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கேட்டான்.

"எத்தனை தடவை?"

"மூணு சார்." இரைத்துக்கொண்டே வந்தது குரல். "மூணு அம்பத்திரெண்டு. நாலு இருபது. கடைசியா அஞ்சு அஞ்சு. மூணுக்கும் நீங்க போட்டிருக்கீங்க சார்."

"அப்புறம்?"

காலடிகள் மட்டும் கேட்டன. சாவிக்கொத்து குலுங்கியது.

"அப்புறம் அடிக்கல சார்."